உவரிக் கடலுக்கும் குவாரித் தண்ணிக்கும் ஒரே ரெகுலேட்டர் போதுமா? ஹோஸ் எந்த நீளம்?

#1 பாளை முத்து

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூபா முழுக்குக்கு சொந்தமா ஒரு ரெகுலேட்டர் செட் (சிலிண்டர் காத்தை மூச்சு விடுத அளவுக்குக் குறைச்சுத் தருத கருவி) எடுக்கப் போறேன். ஓபன் வாட்டர்ங்குத முதல் நிலைப் பயிற்சி முடிச்சாச்சு. பெரும்பாலும் உவரி, தூத்துக்குடிப் பக்கம் 10லேர்ந்து 18 மீட்டர் ஆழம். அது போக, தீயணைப்புக்காரங்க எங்க குழுவைக் கூப்பிட்டா கல்குவாரி, குளம்னு இறங்குத வேலையும் உண்டு. சிலிண்டர் வாடகைதான். 11 லிட்டர் அலுமினியம், எல்லாத்துலயும் யோக் வால்வ்.

கேட்க வேண்டியது மூணு. பிஸ்டனா டயாஃப்ரமா? சிலிண்டர்ல மாட்ட, கிளாம்ப்பால கவ்வுத யோக்கா, திருகி ஏத்துத டின்னா? பெட்டியில வருத ஹோஸையே வச்சிக்கிடலாமா, மாத்தணுமா?

#2 உவரிக் கொண்டல்

தம்பி, மாடலைப் பிறகு பாப்போம். அந்தக் கம்பெனி ரெகுலேட்டரைப் பிரிச்சு மாட்டப் படிச்ச டெக்னீசியன் எங்க இருக்காரு, அந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் அவர் கையில இருக்கா, இந்த ரெண்டையும் மொதல்ல போன் போட்டுக் கேளுங்க. கிட் வெளிநாட்டுல இருந்து வரணும்னு சொன்னா அந்த மாடலை விட்டுருங்க, எவ்வளவு நல்லதா இருந்தாலும் சரி. நம்ம கரையில கச்சான் காத்து வலுத்து கடல் கலங்குத மாசம்தான் சர்வீஸுக்கு அனுப்ப ஏத்த நேரம். கிட்டுக்காகக் காத்துக் கெடந்தா அடுத்த சீசனும் சேர்ந்து போயிரும்.

சிலிண்டர்ல மாட்டுத ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் செய்யுத வேலை ஒண்ணுதான். சிலிண்டர்ல உள்ள 200 பாரை, சுத்தியுள்ள தண்ணி அழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் மட்டும் கூடுதலா இருக்குத அளவுக்கு இறக்கி ஹோஸுக்குள்ள விடுது. இதை இடை அழுத்தம்னு சொல்லுவோம். அதை மூச்சு விடுத அளவுக்கு இறக்குதது வாயில வைக்குத செகண்ட் ஸ்டேஜ்.

சாதாரண பிஸ்டன் ரக ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், காத்து வழியை அடைக்குத ஒரு சீட், நாலஞ்சு ஓ-ரிங் (ரப்பர் வளையம்). அவ்வளவுதான். கெட்டுப்போக ஒண்ணும் இல்ல. ஸ்கூபாப்ரோ எம்கே2 இந்த ரகம். குறை என்னன்னா அது பேலன்ஸ்டு இல்ல. சிலிண்டர் 50 பாருக்குக் கீழ வரும்போது இடை அழுத்தமும் கொஞ்சம் இறங்கும், மூச்சு இழுக்கக் கூடுதல் பலம் வேணும். 18 மீட்டருக்குள்ள, ஒருத்தர் மட்டும் மூச்சு விடும்போது இது பெரிய வித்தியாசம் இல்ல. ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல ரெண்டு பேரு பதட்டத்தோட இழுக்கும்போதுதான் தெரியும். நீங்க மீட்பு வேலைக்கும் போறதால பேலன்ஸ்டு எடுங்க. பேலன்ஸ்டுல பிஸ்டனும் உண்டு (எம்கே25 மாதிரி), டயாஃப்ரமும் உண்டு. என் ஓட்டு பிஸ்டனுக்கு. காத்து தாராளமா வரும், உள்ள உதிரியும் கம்மி.

#3 தேரிமணல்

கொண்டல் அண்ணாச்சி சர்வீஸ் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு. பிஸ்டன்லதான் எனக்கு உடன்பாடு இல்லை.

பிஸ்டன் ரகத்துல ஸ்பிரிங் இருக்கற அறைக்குள்ள தண்ணி நேரா வந்து போகும். வெளியில சுத்தி ஓட்டை இருக்கறதைப் பாத்திருப்பீங்க. கடல்ல அது வழியா உப்பு போகும். குவாரியில கல்லு மாவு போகும். குளத்துல களிமண். உள்ள காஞ்ச உப்பு, பிஸ்டன் தண்டு ஓ-ரிங்கைச் சுத்தி வெள்ளை வெள்ளையா மணி கட்டி நிக்கும். பிஸ்டன் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த மணி மேல உரசித்தான் ஏறி இறங்கணும். ஓ-ரிங் தேயும், பிறகு அந்த ஓட்டை வழியா குமிழி வர ஆரம்பிக்கும்.

முத்து இறங்கப் போற தண்ணிக்கு சீல் பண்ணின டயாஃப்ரம்தான் சரி. அப்பெக்ஸ்ல இருக்கு, ஸ்கூபாப்ரோ எம்கே17 இருக்கு, இன்னும் பல. இதுல தண்ணி ஸ்பிரிங் பக்கமே வராது. வெளியில ஒரு ரப்பர் தகடு அழுத்தத்தை வாங்கி உள்ள கடத்தும். சேறு எவ்வளவு இருந்தாலும் மேல ஒட்டும், கழுவினா போயிரும்.

#4 உவரிக் கொண்டல்

குவாரியும் குளமும் கணக்குல உண்டுன்னா தேரிமணல் தம்பி சொல்லுததுதான் சரி. நான் கடலை மட்டும் வச்சுப் பேசிட்டேன். ஒண்ணு மட்டும் சேத்துக்கிடுங்க. அந்த வெளி ரப்பர்ல சின்னக் கீறல் விழுந்தாக்கூட தண்ணி உள்ள போய் அங்கனயே தேங்கி நிக்கும், வெளிய தெரியாது. பிஸ்டனாவது கழுவினா வெளிய வந்துரும். அதனால ஒவ்வொரு தடவையும் கழுவும்போது அந்த ரப்பரை விரலால தடவிப் பாருங்க. உள்ள குளுகுளுன்னு தண்ணி அசையுத மாதிரி இருந்தா அடுத்த முழுக்குக்கு அதைக் கட்டாதீங்க.

#5 பொருநை மீனா

முத்து தம்பி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டின் எடுங்கள், கூடவே யோக் அடாப்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

காரணம் ஓ-ரிங் உட்காரும் இடம். யோக்கில் அடைக்கும் ஓ-ரிங் சிலிண்டர் வால்வின் முகத்தில் இருக்கிறது. வாடகை சிலிண்டரில் அது யார் கையில் என்ன பாடுபட்டது என்று நமக்குத் தெரியாது. கிளாம்ப்பின் பிடிதான் அதை அழுத்தி வைத்திருக்கிறது. பாறையில் ஓங்கி இடித்தால் கிளாம்ப் ஒரு நூல் நகரலாம், ஓ-ரிங் பிதுங்கலாம். டின்னில் ஓ-ரிங் நம் ரெகுலேட்டரிலேயே இருக்கிறது. திருகி உள்ளே போய் நான்கு பக்கமும் உலோகத்துக்குள் அடைபட்டு உட்காரும். இருட்டில், பாறைச் சுவரை ஒட்டி வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

வாடகை சிலிண்டரின் வால்வைக் கவனமாகப் பாருங்கள். நடுவில் ஆலன் கீ போடும் ஓட்டையோடு ஒரு பித்தளைச் செருகி தெரிந்தால் அது இரண்டுக்கும் ஆனது. செருகியைக் கழற்றினால் டின் நேராக ஏறும். செருகி இல்லாத பழைய யோக் வால்வுக்குத்தான் அடாப்டர் தேவை. அடாப்டர் போட்டால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் தலைக்குப் பக்கமாக இன்னும் இரண்டு மூன்று செ.மீ. தள்ளி நிற்கும், பின்மண்டையில் இடிக்கும். பட்டையைக் கட்டும்போது சிலிண்டரைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள்.

எது எடுத்தாலும் 014 அளவு ஓ-ரிங், 90 கடினத்தில், பத்து பையில் இருக்கட்டும். யோக் வால்வ் முகத்துக்கு அதுதான். விலை மிகக் குறைவு. அது இல்லாததால் படகு திரும்புவது அடிக்கடி நடக்கிறது.

#6 பாளை முத்து

ரொம்ப நன்றி. சீல் பண்ணின டயாஃப்ரம், டின், அடாப்டர். இது முடிவாயிட்டு. இனி ஹோஸ் சொல்லுங்க. இணையத்துல 7 அடி ஹோஸ் போட்டுக் கழுத்தைச் சுத்தி வருத மாதிரி படம் நிறைய பாத்தேன். மீட்பு வேலைக்கு அது நல்லதா?

#7 பொருநை மீனா

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. 7 அடி ஹோஸ் குகை முழுக்கில் பிறந்தது. குறுகிய இடத்தில் இருவர் முன்பின்னாக வரிசையில் நீந்தி வெளியேற அந்த நீளம் வேண்டும். அதைச் சுற்றுவதற்கும், கொடுப்பதற்கும், திரும்ப மடக்குவதற்கும் தனிப் பயிற்சி உண்டு. நம் குளங்களில் தண்ணீருக்கு அடியில் சீமைக்கருவேல முள் இருக்கிறது. உவரிக் கடலில் அறுந்த நைலான் வலை மிதக்கிறது. மடக்கிச் செருகிய ஹோஸ் ஒரு சுற்று நழுவினால் போதும், அது தூண்டில் போல வேலை செய்யும்.

பெட்டியில் வருவது பொதுவாக இப்படி இருக்கும்: நாம் மூச்சு விடும் மெயின் 28 முதல் 30 அங்குலம், காற்று இல்லாதவருக்குக் கொடுக்கும் உபரி செகண்ட் ஸ்டேஜான மஞ்சள் ஆக்டோ 36 முதல் 40 அங்குலம், சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜின் ஹோஸ் 32 முதல் 36 அங்குலம். தெளிந்த கடலில் இது போதும். ஆனால் மெயின் ஹோஸ் தோளுக்கு மேல் வளைந்து வெளியே துருத்தி நிற்கும். முள்ளுக்கும் வலைக்கும் அதுதான் முதலில் மாட்டும்.

உங்களுக்கு என் பரிந்துரை இது. மெயினுக்கு 40 அங்குல ஹோஸ், வலது கைக்கு அடியில் வந்து மார்பை ஒட்டி வாய்க்கு ஏறும். செகண்ட் ஸ்டேஜ் சேரும் இடத்தில் 90 அல்லது 110 டிகிரி முழங்கை ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்தில் தாடை வலிக்கும். இரண்டாவது செகண்ட் ஸ்டேஜ் 22 அல்லது 24 அங்குல ஹோஸில், பங்கி கயிற்று வளையத்தில் தாடைக்குக் கீழ் தொங்கட்டும். கைகள் இரண்டும் வேலையில் இருந்தாலும் குனிந்து வாயால் கவ்வலாம். கேஜ் 24 அங்குல ஹோஸில் இடது இடுப்பு டி-ரிங்கில் (உலோக வளையம்) போல்ட் ஸ்னாப் கொக்கியால் மாட்டுங்கள். கேஜ்களைச் சேர்த்துப் பொருத்திய தொங்கும் கன்சோல் வேண்டவே வேண்டாம், சேற்றை உழும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. இந்த அமைப்பில் காற்று இல்லாதவருக்கு நீங்கள் கொடுப்பது உங்கள் வாயில் உள்ளதை. உங்கள் கூட்டாளி மஞ்சள் ஆக்டோவை மார்பில் தேடத்தான் பயின்றிருப்பார். ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் காட்டிச் சொல்லி, கரையிலேயே ஒரு தடவை கொடுத்து வாங்கிப் பழகுங்கள்.

#8 தேரிமணல்

மீனாக்கா சொன்னதுக்கு ஒரு கணக்கு. 20 மீட்டர்ல அழுத்தம் 3 மடங்கு. பதட்டத்துல ஒரு ஆள் தண்ணிக்கு மேல உள்ள அழுத்தக் கணக்குப்படி நிமிஷத்துக்கு 30 லிட்டர் இழுப்பார்னு வச்சா, அங்க 90. ரெண்டு பேருக்கு 180. உங்க சிலிண்டர்ல 50 பார் மிச்சம் இருந்தா 11 லிட்டருக்கு 550 லிட்டர். அதே ஆழத்துலயே நின்னா மூணு நிமிஷம்தான். நிமிஷத்துக்கு 9 மீட்டர்னு ஏறினாலே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். ஹோஸ் எங்கயோ சிக்கி அதை எடுக்க ஒரு நிமிஷம் போச்சுன்னா மிச்சம் என்னன்னு பாத்துக்கோங்க. ஹோஸ் அமைப்பு அழகுக்கு இல்லை.

#9 பாளை முத்து

புரியுது. பின்னல் போட்ட ஹோஸ் நல்லா வளையுது, எடையும் கம்மின்னு கடையில சொல்லுதாங்க. ரப்பரா, பின்னலா?

#10 உவரிக் கொண்டல்

நம்ம ஊரு வெயிலுக்கு ரப்பர் எடுங்க. பின்னல் ஹோஸ்ல உள்குழாய் பாலியூரித்தேன். சூடும் ஈரப்பதமும் கூடின ஊர்ல சில ஹோஸுக்குள்ள அந்தப் பொருளே சிதைஞ்சு படிகம் மாதிரி கட்டி, காத்து வருத வழியை அடைச்சிருக்கு. முழுக்குக்காரங்க பாதுகாப்பு அமைப்பான டான் இதைப் பத்தி எச்சரிக்கையே விட்டிருக்கு. வெளிய பாத்தா ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும், உள்ளதான் அடைப்பு. ஏற்கெனவே வாங்கிட்டா வெயில்ல நிக்குத கார் டிக்கியில போட்டு வைக்காதீங்க, அஞ்சு வருஷம் ஆனா மாத்திருங்க. ஹோஸைத் திருப்பித் தட்டும்போது வெள்ளைத் தூளோ மஞ்சள் துணுக்கோ விழுந்தா அன்னைக்கே தூக்கிப் போடுங்க.

ரப்பர் அப்படி இல்ல. கெட்டுப்போகுததைக் காட்டிக்கொடுத்துரும். ரெண்டு முனையிலயும் உலோகம் ஏறுத இடத்துல வளைச்சுப் பாருங்க, மயிரிழை வெடிப்பு தெரியும். அந்த இடத்துல பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தா கீழ தள்ளிட்டுப் பாக்கணும். உறைக்கு உள்ளதான் உப்பு தங்கும்.

#11 தேரிமணல்

ஹோஸ் மாத்தற முறையையும் சொல்லிடறேன், பல பேர் இங்கதான் தப்பு பண்றாங்க.

காத்தை முழுசா விட்டுட்டுத்தான் ஸ்பேனரைத் தொடணும். வால்வை மூடி, செகண்ட் ஸ்டேஜ் முகப்புல இருக்கற பர்ஜ் பட்டனை அமுக்கி, கேஜ் 0 காட்டறவரைக்கும் விடணும். மூச்சு ஹோஸ் ஏறற குறை அழுத்த துவாரம் 3/8 அங்குலம், கேஜ் ஹோஸ் ஏறற உயர் அழுத்த துவாரம் 7/16. பெரும்பாலும் 9/16, 5/8 ஸ்பேனர் போதும். அளவு வேறயா இருக்கறதால மாத்தி மாட்ட முடியாது. ஆனா ரொம்பப் பழைய ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல ரெண்டும் 3/8 இருக்கும். அதுல மூச்சு ஹோஸைத் தப்பா உயர் அழுத்தத்துல மாட்டினா வெடிச்சிரும். பழையது கைமாறி வந்தா உயர் அழுத்தத்தைக் குறிக்க ‘எச்பி’ன்னு பொறிச்சிருக்கறதைப் பார்த்துக்கணும்.

ஓ-ரிங் குறை அழுத்தத்துக்கு 011, உயர் அழுத்தத்துக்கு 012. கையால கடைசிவரை திருகி, பிறகு ஸ்பேனர்ல ஒரு சின்னத் தள்ளு. 4 முதல் 5 நியூட்டன் மீட்டர்தான். காத்தை அடைக்கறது ஓ-ரிங், இறுக்கம் இல்லை. பித்தளை மரை மென்மையானது, பல்லைக் கடிச்சு இறுக்கினா ஃபர்ஸ்ட் ஸ்டேஜே போச்சு. செகண்ட் ஸ்டேஜ் பக்கம் எப்பவும் ரெண்டு ஸ்பேனர். ஒண்ணு செகண்ட் ஸ்டேஜ் நட்டைப் பிடிக்க, இன்னொண்ணு ஹோஸைத் திருக. ஒரே ஸ்பேனர்ல திருகினா உள்ள இருக்கற அட்ஜஸ்ட்மென்ட் சேர்ந்து திரும்பும், மூச்சு கனமாயிரும் இல்லைன்னா தானா பீச்சும்.

மசகு சிலிக்கான் கிரீஸ் மட்டும், ஓ-ரிங்ல பளபளப்பு வர்ற அளவுக்கு. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், வாசலின் எதுவும் ஆகாது. எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும். ஆக்சிஜன் கூடின நைட்ராக்ஸ் காத்துல அது தீப்பிடிக்கற பொருள்.

ஹோஸ் திசையும் முக்கியம். மூச்சு ரெண்டும் வலது பக்கம், மிதவை ஜாக்கெட்டுக்குக் காத்து தர்ற இன்ஃப்ளேட்டரும் கேஜும் இடது பக்கம். எல்லாம் கீழ்நோக்கி இறங்கற துவாரத்தைத் தேர்ந்தெடுங்க. மேல்நோக்கி வளைஞ்சா ஆட்டுக் கொம்பு மாதிரி தலைக்கு ரெண்டு பக்கமும் நிக்கும்.

#12 பாளை முத்து

மாட்டின பிறகு சரியா இருக்கான்னு வீட்டுலயே பாக்க முடியுமா அண்ணாச்சி? டெக்னீசியன்கிட்ட போகாம?

#13 உவரிக் கொண்டல்

பாக்கலாம். பிரிச்சு சரி பண்ணுததுதான் அவங்க வேலை, பரிசோதிக்குதது நம்ம வேலை.

சிலிண்டர்ல மாட்டுததுக்கு முன்னாடி, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியை இறுக்கிப் போட்டுட்டு செகண்ட் ஸ்டேஜை வாயில வச்சு மெதுவா உறிஞ்சுங்க. ஒண்ணும் வரக்கூடாது, நாக்கு ஒட்டிக்கிட்ட மாதிரி நிக்கணும். லேசா காத்து வந்தா செகண்ட் ஸ்டேஜ் உள்ள இருக்குத ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, இல்ல விடுத மூச்சு வெளியேறுத எக்ஸாஸ்ட் வால்வ்ல மணல் துணுக்கு இருக்கு, இல்ல மவுத்பீஸ்ல கேபிள் டைக்குக் கீழ ஓட்டை. இதே ஓட்டை தண்ணிக்குள்ள ஒவ்வொரு மூச்சுக்கும் உப்புத் தண்ணியை வாயில தெளிக்கும்.

பிறகு அண்டா. ஒரு சம்படத்துல இல்ல, நல்ல அகலமான அண்டாவுல தண்ணி நிரப்பி, காத்து திறந்த நிலையில செகண்ட் ஸ்டேஜோட மவுத்பீஸ் மேல பாக்க, பர்ஜ் பட்டன் கீழ பாக்க, மெதுவா இறக்குங்க. உஸ்ஸுன்னு சத்தம் வருத நிமிஷத்துல நிறுத்தி, தண்ணி மட்டத்துல இருந்து டயாஃப்ரம் எவ்வளவு கீழ இருக்குன்னு ஸ்கேல் வச்சுப் பாருங்க. மெயின்ல 3 செ.மீ. சுத்தி வரணும். ஆக்டோ 4, 5 இருந்தா நல்லது, சும்மா தொங்கும்போது பீச்சாது. மெயின் 5க்கு மேல போயிட்டுன்னா நீங்க ஒவ்வொரு மூச்சுக்கும் வேலை செய்யுதீங்க.

மூணாவது, இன்ஃப்ளேட்டர் ஹோஸ் முனையில மாட்டுத சின்ன இடை அழுத்தக் கேஜ் ஒண்ணு வாங்குங்க. பர்ஜ் அமுக்கி விட்டதும் முள்ளு 9, 10 பார்ல உடனே வந்து நிக்கணும், நின்ன இடத்துலயே நிக்கணும். அஞ்சு நிமிஷத்துல மெல்ல மெல்ல ஏறிட்டே போனா உயர் அழுத்த சீட் தேஞ்சிட்டு. இந்தச் சோதனை செய்யும்போது செகண்ட் ஸ்டேஜ் ஒண்ணாவது மாட்டியிருக்கணும், அழுத்தம் மிஞ்சினா வெளியேற அதுதான் வழி.

#14 பொருநை மீனா

கொண்டல் அண்ணாச்சி சொன்னதோடு சேர்த்து, தண்ணீர் ஓரத்தில் நோய் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழிகள். மாட்டியதுமே ஒரு செகண்ட் ஸ்டேஜ் மட்டும் விடாமல் பீச்சினால் கோளாறு பெரும்பாலும் அதில்தான். மாட்டிச் சில நிமிடம் கழித்து, இரண்டில் எளிதாகத் திறக்கும் செகண்ட் ஸ்டேஜ் உஸ் என்று கசிந்து, அமுக்கிவிட்டால் நின்று, மறுபடி தொடங்கினால் குற்றவாளி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். இடை அழுத்தம் ஏறுகிறது. அன்றைக்கு இறங்காதீர்கள்.

மூச்சு இழுக்கும்போது கேஜ் முள் ஒவ்வொரு தடவையும் கீழே ஆடி மேலே வந்தால் வால்வ் முழுவதும் திறக்கவில்லை, அல்லது ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் காற்று நுழையும் வாயில் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கிறது. அதனால்தான் கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கு முழு மூச்சு இழுக்கச் சொல்கிறோம். கேஜ் ஹோஸ் சுழலும் இடத்தில் சின்னக் குமிழி வரிசையாக வந்தால் உள்ளே இருக்கும் ஸ்பூல் என்ற சிறு குழாயின் குட்டி ஓ-ரிங் இரண்டும் போயிருக்கும், பத்து நிமிட வேலை. உயர் அழுத்த ஹோஸ் வெடித்தாலும் துவாரத்தில் ஊசித் துளைதான் இருப்பதால் காற்று மெல்லத்தான் போகும். ஆனால் மூச்சு ஹோஸ் வெடித்தால் ஓரிரு நிமிடங்களிலேயே சிலிண்டர் காலி. சத்தம் எது பெரிது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம், இரண்டிலும் உடனே ஏற ஆரம்பியுங்கள்.

#15 பாளை முத்து

கடைசிக் கேள்வி. கழுவுததுக்கு எங்க கரையோரக் கிணத்துத் தண்ணி போதுமா? வாயில வச்சா கரிக்குத தண்ணி அது.

#16 தேரிமணல்

போதாது. கரிக்கற தண்ணியில கழுவினா ஒரு உப்பு போய் இன்னொரு உப்பு உட்காரும், காஞ்சதும் சுண்ணாம்புப் படலம் கட்டும். பாளையில இருந்து கிளம்பும்போதே தாமிரபரணித் தண்ணி 20 லிட்டர் கேன் ஒண்ணு வண்டியில ஏத்திக்கோங்க. ரெகுலேட்டர் சிலிண்டர்ல மாட்டி, காத்து திறந்தபடியே அரை மணி நேரம் ஊறவிடணும். அழுத்தம் உள்ள இருந்தா தண்ணி உள்ள போகாது. கழற்றித்தான் கழுவணும்னா மூடியைத் துணியால துடைச்சுக் காயவச்சுப் போட்டு இறுக்குங்க, ஊறும்போது பர்ஜைத் தொடவே கூடாது. தொட்டா தண்ணி ஹோஸ் வழியா ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கே போயிரும். மூடியைக் காயவைக்க சிலிண்டர் காத்தைப் பீச்சறதும் வேண்டாம், தெறிக்கற தண்ணி நேரா ஃபில்டருக்குள்ள போகும்.

#17 பாளை முத்து

ஃபில்டரைப் பாத்து ஏதாவது கண்டுபிடிக்கலாமா?

#18 உவரிக் கொண்டல்

டார்ச் அடிச்சுப் பாருங்க தம்பி. உள்ள தெரியுத அந்த உலோக வட்டம் மங்கின வெள்ளி நிறத்துல இருக்கணும். பச்சை ஏறியிருந்தா தண்ணி உள்ள போயிருக்கு. கறுப்புன்னா காத்து நிரப்புன கம்ப்ரசரோட கரி ஃபில்டர் உதிருது, அங்க இனி நிரப்பாதீங்க. சாம்பல் பொடின்னா அலுமினிய சிலிண்டர் உள்ள அரிக்குது. செம்பழுப்புன்னா இரும்பு சிலிண்டர் துரு. திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மண் பறக்குத நாள்ல மூடி இல்லாமக் கிடந்தாலும் சிவப்பு ஏறும். ஈரமில்லாத துணியை விரல்ல சுத்தி லேசா ஒத்தி எடுங்க. துணியில வந்துட்டா தூசி. வராம துவாரத்துக்குள்ள கறையா நின்னா துரு, அந்த சிலிண்டரைக் கொடுத்த இடத்துல சொல்லி உள்ள திறந்து பாக்கச் சொல்லுங்க, உங்க ரெகுலேட்டரையும் சர்வீஸுக்கு எடுத்து வச்சிருங்க.